கூப்பிட்டால் பதில் சொல்ல ஓர் ஆள்

செங்கொடி வாங்கிய காரின் டேஷ்போர்டில் சின்னதாக ஒரு புத்தர் உட்கார்ந்திருந்தார். டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தது அவள் அம்மா கோவிந்தம்மாவின் வேலை. வியாசர்பாடியில் அவர்கள் குடும்பம் பௌத்தத்துக்கு மாறியது மாமனார் காலத்திலேயே என்றாலும், கோவிந்தம்மா எந்தப் பக்கத்தையும் பகைத்துக்கொள்கிற ரகம் இல்லை. புத்த பூர்ணிமைக்கு, அம்பேத்கர் பௌத்தம் தழுவிய நாக்பூர் தீக்ஷாபூமியில் இருக்க வேண்டும், அப்புறம் சாஞ்சி, ஆக்ரா, டெல்லி என்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது மகளின் திட்டம். வண்ணாரப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டரில் உட்காருகிற பெண் அவள். லீவைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்துப் போட்ட திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது. வண்டி ஓட்டவேண்டிய அவள் அப்பா சுப்பராயன், அந்த நாக்பூர் சாலைப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று பதினோரு வருஷமாக இருக்கிறவர்.

ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். வாய்க்குள் ஒன்றைப் போட்டுப் பூட்டிக்கொண்டால் சுப்பராயனிடமிருந்து அதைப் பிடுங்கக் கடப்பாரை வேண்டும்.

நாக்பூருக்கு ரயிலில் போகலாமே என்று பார்த்தார். மகள் கேட்கவில்லை. டெல்லிக்கு பிளேன்கூட இருக்கிறதாமே என்றார். "டிரைவர வூட்டுல வச்சிகினு எவனாச்சும் பிளேனுக்குக் குடுப்பானா நைனா?" என்று அவள் சிரித்தாள். தானும் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டதாகவும், இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டலாம், ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் பின்னால் படுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் சுப்பராயன் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தப் பின்னால் படுப்பதில்தான் எல்லாம் இருந்தது.

வியாசர்பாடி குடிசை மாற்று வாரிய வீட்டில் பிறந்தவர் சுப்பராயன். மீசை முளைக்கும் முன்பே லாரியில் கிளீனராக ஏறி, லைசென்ஸ் எடுத்து, கடைசியில் நாற்பதடி கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லரில் வந்து உட்கார்ந்தார். கல்யாணமானதும் திருவொற்றியூருக்குக் குடிவந்தது வண்டிக்காகத்தான். துறைமுக கேட் திறக்கும்வரை எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். சில நேரம் ராத்திரியும் பகலும் அங்கேயே போகும். கோவிந்தம்மா தூக்குவாளியில் சோறெடுத்துக்கொண்டு, வெயிலில் வண்டி வண்டியாக நம்பர் பார்த்துக்கொண்டே நடந்து புருஷனைக் கண்டுபிடிப்பாள். இரண்டு பேருக்குச் சோறு கொண்டுவருவாள். இன்னொருவன் யாசின்.

ராயபுரத்துக்காரன். தூர லோடுக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்பதால் முதலாளி சேர்த்துவைத்த ஜோடி அது. அப்புறம் முதலாளிகள் மாறினார்கள், ஜோடி மாறவில்லை. ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. இவருக்கு அவன் மாமு, அவனுக்கு இவர் மாமு. டிரெய்லர் கேபினில் சீட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு பலகை உண்டு, அதற்கு ஒரு திரை. ஒருத்தர் ஓட்டுவார், இன்னொருத்தர் திரைக்குப் பின்னால் தூங்குவார். முதல் டிரிப்பிலேயே யாசின் ஒரு சட்டம் போட்டான்.

"த பாரு மாமு, நான் பின்னால பட்த்துகினு கீறேன். நீ அப்பப்ப மாமுன்னு ஒரு கொரலு குடு. நான் ஓட்டுன்னு சொல்வேன். உன் கொரலு வரலேன்னு வை, நீ தூங்கிட்டேன்னு அர்த்தம். எழுந்து வந்து செவுள்லயே வுடுவேன்."

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஓட்டுகிறவர் கூப்பிடுவார், படுத்திருக்கிறவர் பதில் சொல்வார். நாளாக ஆக, படுத்திருப்பவரின் தூக்கம்கூடக் கலையாது. காது கேட்கும், வாய் பதில் சொல்லும், ஆள் குறட்டையைத் தொடர்வார். யாசினின் பதிலுக்கு முன்னால் ஒரு செருமல் வரும். பீடி குடித்துப் பழுத்த தொண்டை. க்கும் என்று ஒரு செருமல், பிறகு இழுத்தாற்போல ஓட்டு. கல்கத்தா, கட்ச், லூதியானா என்று தேசம் முழுக்க அந்த இரண்டு வார்த்தைகளோடு ஓடியிருக்கிறார்கள்.

ஓட்டுகிறவன் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த சட்டம் அது. படுத்திருக்கிறவனைக் காப்பாற்ற ஒரு சட்டம் வைக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய கத்திரி வெயிலில், நாக்பூருக்கு ஒரு கன்டெய்னர். ஹைதராபாத்தைத் தாண்டும்போது விடிந்திருந்தது. நெஞ்சைப் பிடிக்கிறது, வாயுவாக இருக்கும் என்று யாசின் ஒரு சோடா குடித்தான். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுப் போகலாமா என்று சுப்பராயன் கேட்டதற்கு, நாக்பூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரைக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட்டான். சுப்பராயன் ஓட்டினார். நிர்மல் மலை ஏறும்போது கூப்பிட்டார். செருமல் வந்தது, ஓட்டு என்று வந்தது. மலை இறங்கியபின் கூப்பிட்டார். வந்தது. அடிலாபாத் தாண்டி வெயில் உச்சிக்கு வந்தபோது கூப்பிட்டார். அப்போதும் வந்தது. மகாராஷ்டிர எல்லையில் பெங்கங்கா ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வருகிற ஒரு சின்ன ஊரில், சாப்பிடலாம் என்று வண்டியை ஓரங்கட்டித் திரையை விலக்கினார். காலைத் தொட்டு உலுக்கினார். அந்த வெயிலிலும் கால் சில்லென்று இருந்தது, கட்டை மாதிரி விறைத்தும் இருந்தது.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டரம்மா பார்த்துவிட்டு, உயிர் காலையிலேயே போய்விட்டது என்றாள். இல்லை, இப்போதுதான் என்னோடு பேசினான் என்று சுப்பராயன் தன் லாரி ஹிந்தியில் சொன்னார். அவள் சீட்டில் எழுதத் தொடங்கிவிட்டாள். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் கிட்டே வந்து இவர் வாயை மோந்து பார்த்தார்.

அந்த வெயிலில் உடம்பைச் சென்னைக்குக் கொண்டுவர வழியில்லை. யாசின் வீட்டிலும் ஜமாத்திலும் போனில் பேசி, அங்கேயே அடக்கம் செய்யச் சொல்லிவிட்டார்கள். முன்பின் தெரியாத அந்த ஊர்க்காரர்கள் குளிப்பாட்டிக் கஃபன் துணி போர்த்தி எல்லாம் செய்தார்கள். சுப்பராயன் மூன்று பிடி மண் போட்டார். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நாக்பூரில் லோடை இறக்கினார். வழியில் அவர் கூப்பிடவே இல்லை. பதில் வராமல் போய்விடுமோ என்று ஒரு பயம். வந்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

ராயபுரத்தில் யாசினின் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கடைசியா இன்னா சொன்னாரு?"

ஓட்டு என்று சொன்னான் என்றார் சுப்பராயன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எந்த ஊர் தாண்டிச் சொன்னான் என்று அவள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அதோடு ஸ்டியரிங்கை விட்டார். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் திறந்துவிடும் வேலை. ரிவர்ஸ் எடுக்கும் வண்டிகளுக்குப் பின்னால் நின்று கை காட்டுவார், விசில் ஊதுவார். கேபின் பக்கம் மட்டும் போக மாட்டார். ஒடிந்து போய்விட்டார் என்று பழைய டிரைவர்கள் சொன்னார்கள். அப்படி ஒடிந்திருந்தால்கூடத் தேவலை. நடந்தது வேறு.

பதில் வீட்டுக்கு வந்துவிட்டது. தூக்கத்தில் சுப்பராயன் மாமு என்று கூப்பிடுவார், தான் கூப்பிடுவது தனக்கே கேட்கும். உடனே இருட்டிலிருந்து, தணிந்த குரலில், ஓட்டு என்று வரும். அந்தச் செருமல் மட்டும் இருக்காது. செத்தபிறகு தொண்டையில் சளி எங்கிருந்து வரும் என்று அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டார். யாசின் இன்னும் அந்தப் பலகையில்தான் படுத்திருக்கிறான், நாக்பூர் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறான், அவனிடம் யாரும் வந்து இறங்கு என்று சொல்லவில்லை. இதுதான் அவருக்குப் புரிந்த கணக்கு. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பதில் வந்தபிறகுதான் தூக்கமும் வந்தது.

இந்த லட்சணத்தில்தான், வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்ல முடியாமல் அவர் தலையாட்டி, மே மாதம் கார் கிளம்பியது. டோல்கேட்டில் பழத்தட்டு வாங்கிக்கொண்டார்கள். கோவிந்தம்மா புளிசோறும், வறுத்த நெத்திலிக் கருவாடும் டப்பாவில் அடைத்திருந்தாள். நெல்லூர் வருவதற்குள் ஏசி போட்ட காரே கருவாட்டுக் கூடை ஆகிவிட்டது. செங்கொடி மூக்கைப் பொத்திக்கொண்டு புலம்பினாள். பிறகு அவளே டப்பாவில் கைவிட்டுத் தின்றாள். சுப்பராயன் ஸ்டியரிங்கை விடவே இல்லை. வளைவுகளில் காரை வெளிப்பக்கமாக அகட்டி அகட்டித் திருப்பினார். இன்னா நைனா, பின்னால இன்னும் நாப்பதடி கீதுன்னு நெனப்பா என்று மகள் கிண்டல் செய்தாள். அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பின்சீட்டில் கோவிந்தம்மா சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை. அதை அவர் பலமுறை பார்த்தார்.

ஹைதராபாத்தில் ராத்திரி தங்கி, நிதானமாகக் கிளம்பி, நிர்மல் தாண்டும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பக்கத்து சீட்டில் செங்கொடி காதில் பாட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ரோடு நேராக, வெள்ளையாகக் கிடந்தது. சுப்பராயன் கூப்பிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டினார். ஆனால் அந்த ரோட்டில் அந்த வெயிலில் அவர் வாய் அவருடையதாக இல்லை.

"மாமு," என்றார்.

"ஓட்டு," என்று பின்னாலிருந்து வந்தது.

வண்டி தடதடவென்று ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. நெத்திலி டப்பா உருண்டு விழுந்தது. செங்கொடி பாட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்னா ஆச்சு என்று பதறினாள். சுப்பராயன் மெல்லத் திரும்பிப் பார்த்தார். கோவிந்தம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான்யா," என்றாள். "தூக்கக் கலக்கத்துல வந்துடுச்சி."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். யாசின் போனபிறகு தினமும் ராத்திரி அவர் கூப்பிட்டுக்கொண்டே கிடப்பாராம். எழுப்பினால் எழுந்திருக்க மாட்டாராம், உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றுமாம். அவர்களுக்குள் இருந்த சட்டம் அவளுக்கும் தெரியும், தூக்குவாளியோடு போன நாட்களில் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஒருநாள் தாங்க முடியாமல், ஆண்குரல் மாதிரி அடித்தொண்டையில் ஓட்டு என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். குழந்தை மாதிரி அடங்கித் தூங்கிவிட்டாராம்.

"அதுலேர்ந்து நான்தான் சொல்லிகினு வர்றேன். இப்பல்லாம் எனக்கே தெரியறது இல்ல, நீ கூப்ட்டா வாயி தானா சொல்லிடுது. உனக்குத் தூக்கம் வந்துச்சேய்யா. அது போதும்னு நெனச்சேன்."

சுப்பராயன் கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரமாகவே நடந்தார். பெண்டாட்டி மேல் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. பேய் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி வர வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷம் யாசின் கூடவே இருக்கிறான் என்று பயந்துகொண்டிருந்தது எவ்வளவு பெரிய துணை என்பது இப்போதுதான் தெரிந்தது. யாசின் அந்த நிமிஷத்தில்தான் அவருக்குச் செத்தான். ரோட்டோரத்தில் ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அழுகை அடங்கியபோது அதன் கீழே இன்னொன்று கிடந்தது. வீட்டில் பதில் சொன்னது கோவிந்தம்மா என்றால், அன்று இதே ரோட்டில் பதில் சொன்னது யார்? யாரும் இல்லை. லோடு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற அவசரத்தில், வராத பதிலைத் தன் காதே உண்டாக்கிக் கேட்டுக்கொண்டது. முதல் தடவை பதில் வராதபோதே திரையை விலக்கியிருந்தால்? மலை ஏறுமுன் நிறுத்தியிருந்தால்? டாக்டரம்மா காலையில் என்றாள், காலையில் எப்போது என்று சொல்லவில்லையே.

செங்கொடி பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார், அந்தச் சந்தேகம் உட்பட.

"எந்த ஊரு நைனா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அந்த ஊரில் நிறுத்தினார்கள். பள்ளிவாசலில் காலித் என்று ஒரு நடுவயதுக்காரர் இருந்தார். மதராஸ் டிரைவர் என்றதும் அவருக்கு ஞாபகம் வந்தது. குளிப்பாட்டியவர்களில் அவரும் ஒருவராம். பருத்திக் காட்டை ஒட்டிய கபர்ஸ்தானுக்குக் கூட்டிப்போனார். மேடுகள் எல்லாம் மழையில் கரைந்து தரையோடு தரையாகியிருந்தன. கல் எதுவும் வைத்திருக்கவில்லை. இந்த வரிசையில் ஒன்று என்று காலித் கையைக் காட்டிவிட்டு, சங்கடத்தோடு தள்ளிப் போய் நின்றார்.

சுப்பராயன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வரிசை முழுவதற்குமாக நின்றார்.

"மாமு," என்று கூப்பிட்டார்.

காற்றுகூட அசையவில்லை. வேலியோரத்தில் நின்ற கோவிந்தம்மாவின் உதடு பழக்கத்தில் பிரிந்தது. அவள் அதைப் பல்லால் கடித்து மூடிக்கொண்டாள். கூப்பிட்டுப் பதில் வராமல் சுப்பராயன் நின்றது அதுதான் முதல் தடவை. மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து, பலகையில் தூங்குகிறவனை எழுப்புகிற குரலில் சொன்னார்.

"லோடு எறக்கியாச்சி மாமு. நீ எறங்கிக்கோ."

காருக்குத் திரும்பியதும் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார். ஓடுகிற வண்டியில் பின்னால் படுத்து அவருக்கு அன்றோடு பதினோரு வருஷம். கோவிந்தம்மா முன்சீட்டுக்கு மாறினாள். சேலைப் பையைத் தலைக்கு வைத்துச் சுப்பராயன் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்தார். நெடுஞ்சாலை ஏறியதும், சட்டத்தை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட செங்கொடி, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் கூப்பிட்டாள்.

"நைனா."

"ஓட்டு கண்ணு," என்றார் சுப்பராயன். குரல் கரகரத்தது. சொல்லி முடித்ததும் மனசு கொஞ்சம் லேசானது மாதிரி இருந்தது.

பருத்திக் காடுகள் போய்க்கொண்டே இருந்தன. நாக்பூர் என்று பச்சைப் பலகை ஒன்று வந்து போனது. கோவிந்தம்மா ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து வாய் திறந்து தூங்கிவிட்டாள். சுப்பராயனுக்குத் தூக்கம் வரவில்லை. காரின் கூரையைப் பார்த்துக்கொண்டு, அன்று தான் கேட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டது பொய் என்றால், யாசினைக் கொன்றது யார் என்பதற்கும் ஒரே பதில்தான் இருந்தது.

"நைனா," என்றாள் செங்கொடி.

பதில் சொல்ல வாயைத் திறக்கப் போனார். அதற்குள், அவர் காதோரத்தில், க்கும் என்று ஒரு செருமல் கேட்டது. பிறகு இழுத்தாற்போல, ஓட்டு.

சுப்பராயன் அசையவில்லை. முன்சீட்டில் கோவிந்தம்மா தூங்கிக்கொண்டுதான் இருந்தாள், அவள் மூச்சு இங்கே கேட்டது. தன் வாய்தான் தனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டதோ என்று விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். உதடு ஒட்டிப் போய், காய்ந்து கிடந்தது. தன் காதுதான் மறுபடியும் ஏமாற்றுகிறதோ என்று நினைக்கும்போதே முன்னாலிருந்து மகள் பேசினாள்.

"இன்னா நைனா, ராத்திரி ஏசில சளி புட்ச்சிகிச்சா? செருமிகினு கீற."

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. அவளுக்கும் கேட்டிருக்கிறது. நாக்பூருக்கு இன்னும் நெடுந்தூரம் இருந்தது. சுப்பராயன் காலை மடக்கிக்கொண்டு, சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் இன்னோர் ஆளுக்கு இடம் விட்டுப் படுத்தார்.